சங்கிலியைக் கழட்டுங்க சார்!

தாம்பரம் பக்கம் அரை கிரவுண்டு வாங்கி, பாங்க் லோனில் வீட்டைக் கட்டி, கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' போர்டும் மாட்டிய பிறகுதான் நம்மவருக்கு ஞாபகம் வரும்: அட, நாய் இல்லையே! உடனே ஒரு ராஜபாளையம், அல்லது சிப்பிப்பாறை. (நாட்டு நாய்தானே என்று இளக்காரமாகப் பார்க்காதீர்கள். 2005-ல் தபால் இலாகா ராஜபாளையத்துக்கு ஸ்டாம்பே போட்டது. உங்களுக்கும் எனக்கும் யார் போட்டார்கள்?)

இரண்டுமே வேட்டைப் பரம்பரை. ஒன்று காட்டுப்பன்றிக்கு, மற்றது முயலுக்கு. அந்த வம்சத்தில் வந்ததை செப்டிக் டாங்க்குக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே ஆறடிச் சங்கிலியில் கட்டினால் என்ன செய்யும்? செருப்பைத் தின்னும். கொடியில் காயும் வேட்டியைக் கிழிக்கும். சிலிண்டர் போட வந்தவரைப் பார்த்து எகிறும். நாம் ஆபீசில் போய், "பயங்கர சேட்டை சார்" என்று பெருமையாக அலுத்துக்கொள்வோம். அது சேட்டையே இல்லை, செலவாகாத தெம்பு! காலையும் மாலையும் அரை அரை மணி நன்றாக ஓடவிட்டால் பாதி சேட்டை போய்விடும்.

ஓட ஏது இடம்? பின்னால் இருக்கும் காலி மனைதான். நாய்க்கு அது சொர்க்கம். ஆனால் கோடையில் அதுவே வைக்கோல்போர்.

நம் ஏரியாவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தெற்கே வண்டலூர் காப்புக்காடு, 1985-ல் திறந்த மிருகக்காட்சி சாலையோடு. கிழக்கே, பழைய கல்குவாரியில் கொம்பன் ஆந்தை குடியிருக்கும் நன்மங்கலம் காடு. தாம்பரத்துக்குள்ளேயே, 1937-ல் குடிவந்த கிறிஸ்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் வளாகம், புதர்க்காடும் புள்ளிமானுமாக. இவற்றுக்கு நடுவே நாம். நமக்கு நடுவே, விலை ஏறட்டும் என்று போட்டு வைத்த மனைகள். ஐப்பசி மழைக்கு இடுப்பளவு வளர்ந்த புல், பங்குனியில் சருகு. ஒரு பீடித் துண்டு போதும். அல்லது யாரோ குப்பைக்கு வைத்த நெருப்பு. திறந்தவெளியில் குப்பை எரிக்கக் கூடாது என்று 2016-ல் விதியே வந்துவிட்டது. தெருமுனையில் அந்த விதியும் சேர்ந்தே எரிகிறது.

காய்ந்த புல்தானே என்கிறீர்களா? 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய தீ, மலையேறப் போன இருபது பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. சென்னையிலிருந்து போன இளைஞர்களும் அதில் உண்டு. இத்தனைக்கும் அவர்கள் யாரும் கட்டிப்போடப்பட்டவர்கள் இல்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வாருங்கள். மணி பகல் இரண்டு. பீச் லோக்கல் பிடித்துப் போன நீங்கள் ஆபீசில். வீட்டுக்காரம்மாவும் வேலைக்கு. குழந்தைகள் ஸ்கூலில். வீட்டில் சங்கிலியோடு ராக்கி மட்டும். பின்மனையில் புல் எரிகிறது. கடற்காற்று வேறு எழும்பிவிட்டது. தீ சுவரைத் தாண்டவே வேண்டாம், புகையும் அனலும் போதும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். இழுக்கிற காற்றே கொதித்தால்? ஓடவே பிறந்த ஜாதி, உயிருக்கு ஓட வேண்டிய ஒரே நாளில் தூணைச் சுற்றிக்கொண்டு நிற்கும்.

"குரைச்சா அக்கம்பக்கத்துல வந்து பார்க்க மாட்டாங்களா?"

மாட்டார்கள் சார். கட்டியே கிடப்பதால் அது தினமும் குரைக்கிறது. தினமும் குரைப்பதால் ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அதனால், வெயில் ஏறும் முன்பே நாலு காரியம்:

* ஆள் இல்லாத நேரத்தில் கட்டாதீர்கள். கேட்டைப் பூட்டி, காம்பவுண்டுக்குள் அவிழ்த்து விடுங்கள். பின்பக்கம் எரிந்தால் முன்பக்கமாவது வரட்டும். நிழலும் தண்ணீரும் முன்பக்கமே இருக்கட்டும்.

* கேட் சாவி ஒன்று எதிர்வீட்டில் இருக்கட்டும். வாரம் இரண்டு நாள் அந்த வீட்டு மாமி கையால் பிஸ்கட் போடச் சொல்லுங்கள். பழகாத ஆளைப் பதற்றத்தில் இருக்கும் நாய் நெருங்க விடாது.

* சுவரை ஒட்டி, மனைப்பக்கம் நாலைந்து அடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்குங்கள். காட்டில் வனத்துறை போடும் தீத்தடுப்புக் கோடும் இதே வித்தைதான்: எரிய ஒன்றும் இல்லை என்றால் தரையோடு வரும் தீ தயங்கி நிற்கும். மனைக்காரர் அமெரிக்காவில் என்றால் நாலு வீடு சேர்ந்து ஆள்கூலி கொடுங்கள். புது காம்பவுண்டு சுவரை விட மலிவு. செதுக்கிய புல்லை அங்கேயே கொளுத்திவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்!

* புகை தெரிந்தால் உடனே 101. வாளியோடு வீரம் காட்டுவதெல்லாம் அப்புறம்.

ஓட்டம்? வெயிலுக்கு முன் கூட்டிப் போய்விடுங்கள். தார் ரோட்டில் உங்கள் புறங்கை ஐந்து விநாடி தாங்கவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. காப்புக்காட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம். மானைக் கண்டால் ராஜபாளையத்துக்கு முப்பாட்டன் ஞாபகம் வந்துவிடும். வனத்துறை ஞாபகம் உங்களுக்கு வரும்.

மார்ச் வந்தால் நாம் கட்ட வேண்டியவை ஏராளம்: வருமான வரி, இன்ஷூரன்ஸ் பிரீமியம், ஸ்கூல் ஃபீஸ். கழட்ட வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதற்குக் காலணா செலவில்லை.