ரமழானுக்கு முன் இரும்புக்குப் பெயின்ட் அடிக்கும் பள்ளி நிர்வாகங்களின் கவனத்திற்கு

எமது பகுதிப் பள்ளிவாசல் ஒன்றின் மேல்மாடிக்குப் போகும் இரும்புப் படிக்கட்டைப் பார்த்துவிட்டு வரும்படி கடந்த வருடம் அழைத்தார்கள். பச்சைப் பெயின்ட் புதிது போல மினுங்கியது. முந்திய ரமழானுக்குத்தான் அடித்திருந்தார்களாம். ஐந்தாவது படியின் அடிப்பக்கத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். அது மேல்பக்கமாக வெளியே வந்தது. அஸருக்குப் பின் குர்ஆன் மத்ரஸாப் பிள்ளைகள் ஓடி ஏறும் படி அது.

"நாநா, ப்ரைமர் தேவையில்லை, நேரடியாக இரும்பில் அடிக்கலாம் என்று டின்னில் போட்டிருந்ததே?" என்று நிர்வாக சபைச் சகோதரர் ஒருவர் கேட்டார். கட்டுகஸ்தோட்டையில் இருபது வருடங்களுக்கு மேலாக வெல்டிங் வேலை செய்யும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. டின்னில் போட்டிருந்தது பொய்யுமல்ல. ஆனால் நேரடியாக இரும்பில் என்றால் சுத்தமான, காய்ந்த இரும்பில் என்றுதான் அர்த்தம்.

தண்ணீரும் ஒட்சிசனும் இரும்பைத் தொட்டால் துரு வரும். பெயின்ட் அவற்றை மறைத்து நிற்கிறது. ப்ரைமரில் உள்ள சிங்க் பொஸ்பேட் போன்ற மருந்து, தப்பி உள்ளே வரும் ஈரம் இரும்பைத் தின்பதை மெதுவாக்குகிறது. நேரடிப் பெயின்ட் இந்த இரண்டு வேலையையும் ஒரே டின்னில் சேர்த்திருக்கிறது. ஒரு பூச்சு மிச்சம்தான். ஆனால் அந்த ஒரு பூச்சில் விடும் பிழையைத் தடுக்க அடியில் வேறொன்றும் இல்லை.

ரெட் ஒக்சைட் அடித்தால் துரு வராது என்று பாஸ்மார் பலர் நம்புகிறார்கள். அந்தச் சிவப்பே இரும்பு ஒட்சைட்டுதான், துருவின் சொந்தக்காரன்! அந்த நிறம் மட்டும் துருவைத் தடுக்காது. முந்திய காலத்தில் அதே சாயலில் ஈயச் சிவப்பு இருந்தது, அது உண்மையில் துருவைத் தடுத்தது. ஆனால் ஈயம் பிள்ளைகளின் மூளைக்கு நஞ்சு. 2013 முதல் எமது நாட்டில் பெயின்டில் ஈயத்தின் அளவுக்குச் சட்ட வரம்பு இருக்கிறது. ஆகவே டின்னின் நிறத்தை விட்டுவிட்டு, துருத் தடுப்பு மருந்தாக என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று வாசியுங்கள்.

கண்டியில் கடற்காற்று இல்லையே, காலியைப் போல இங்கே துரு பிடிக்காதே என்பார்கள். உப்பு குறைவுதான். ஆனால் இரவுப் பனியில் நனைந்த இரும்பு காலை ஒன்பது மணி வரை காய்வதில்லை. வுழூச் செய்த ஈரக் காலோடு ஏறும் படி எப்போது காயும்? அக்குறணையில் பிங்கா ஓயா பெருகிவிட்டுப் போனால் கடைகளின் ரோலர் கதவுகளின் அடியில் சேறு தங்குகிறது. அதைக் கழுவாமல் மேலே பெயின்ட் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

வேலையை எப்படிச் செய்வது? முதலில் சவர்க்காரத் தண்ணீரால் எண்ணெயையும் அழுக்கையும் கழுவுங்கள். வயர் பிரஷ் அதற்குப் பிறகு. முதலில் தேய்த்தால் எண்ணெய் எல்லா இடமும் பரவும். புது இரும்பில் நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் இருக்கும், அது ஒருநாள் பெயின்டோடு சேர்ந்து கழன்று வரும், அதையும் எடுக்க வேண்டும். கூரான விளிம்பில் பெயின்ட் காயும்போது பின்வாங்கி மெலிந்துவிடும். விளிம்பைக் கிரைண்டரால் மழுக்கி, விளிம்பு, வெல்டிங் மூட்டு, போல்ட் ஆகியவற்றுக்கு மட்டும் தனியாக ஒருமுறை பிரஷ்ஷால் அடித்துக் காயவிட்டு, பிறகு முழுவதும் அடியுங்கள். அப்போதும் ஒரு பூச்சு தலைமுடியின் தடிப்புக்கு வராது; தின்னரை அதிகம் ஊற்றினால் இன்னும் மெல்லியதாகும். இரண்டு பூச்சு அடியுங்கள், முதலாவதை வேறு நிறத்தில். விடுபட்ட இடம் தானாகத் தெரியும்.

நாகம் பூசிய ஜீ.ஐ. பொக்ஸ் பார் வேறு கதை. எண்ணெய் எனாமலை நேராக அதில் அடித்தால் நாகத்தோடு சேர்ந்து சவர்க்காரம் போலாகி உரியும். அதற்கென உள்ள ப்ரைமர் வேண்டும்.

அடிக்கும் நேரமும் முக்கியம். இரும்பின் சூடு பனி படியும் அளவை விட 3 பாகையாவது கூடுதலாக இருக்க வேண்டும். கருவி தேவையில்லை: ஈரத் துணியால் ஓரிடத்தைத் துடையுங்கள், கால் மணித்தியாலத்தில் காயாவிட்டால் அன்று வேண்டாம்.

இங்கேதான் எமது வழக்கம் இடிக்கிறது. ரமழானுக்கு முன் பெயின்ட் அடிப்பது நல்ல வழக்கம். சில வருடங்களாக அது கண்டியின் வரண்ட மாதங்களில் அமைந்ததால் தப்பினோம். ரமழான் வருடத்துக்கு பத்துப் பதினொரு நாள் முன்னே வருகிறது. 2030 இல் ஜனவரி ஆரம்பத்தில் ஒன்று, டிசம்பர் கடைசியில் இன்னொன்று. அப்போது ஷஃபான் வேலை மழை கொட்டும் நவம்பர், டிசம்பரில் வந்து விழும்.

அந்தப் படிக்கட்டைப் பதினொரு வருடங்களுக்கு முன் செய்தவன் நான்தான். அடிப்பக்கத்தில் முழுவதும் வெல்டிங் வைக்காமல் இடையிடையே புள்ளி வைத்து விட்டிருந்தேன். அந்த இடைவெளியில் நின்ற தண்ணீருக்கு எந்தப் பெயின்டும் எட்டாது. ஆறு படிகளை என் செலவில் வெட்டிப் போட்டு, மூட்டுகளை முழுதாக மூடினேன். முதற்பூச்சு சாம்பல், மேலே பச்சை. அடுத்த பூச்சை ரமழான் எப்போது வந்தாலும் பெப்ரவரியிலேயே அடிப்பதாக நிர்வாகம் கூட்டக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறது.