மெய்நிகர் கணினிகளின் பிணைய மாற்றம்: குறுநிரல்களின் எதிர்பாரா விளைவுகளும் ஆராயும் முறையும்

மின்னூலகம், மின்னகராதி முதலியவற்றைத் தாங்கும் வழங்கிகள் மெய்நிகர் கணினிகளாக இயங்கும் இடங்களில், அவற்றின் பிணைய அமைப்பைக் குறுநிரல்வழி மாற்றுவது இயல்பு. குறுநிரல் பிழையேதும் காட்டாமல் முடிந்த பின்னரும் வழங்கியை அணுக இயலாமற்போவதுண்டு. லினக்ஸின் கேவிஎம், லிப்வெர்ட் சூழலை முன்வைத்து அதன் காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

இச்சூழலில் இயங்கும் மெய்நிகர் கணினிக்கு இரு அமைப்புகள் உண்டு: சேமித்த வரையறை ஒன்று, நடப்பு நிலை மற்றொன்று. விர்ஷ் கட்டளையில் ‘கான்ஃபிக்’ தெரிவை மட்டும் அளித்தால் வரையறை மட்டுமே மாறும். கணினியை முழுமையாக நிறுத்தித் தொடங்கிய பின்னரே அது நடைமுறைக்கு வரும். உள்ளிருந்து செய்யும் மறுதொடக்கம் போதாது. ‘லைவ்’ தெரிவை மட்டும் அளித்தால் மாற்றம் உடனே நிகழும். ஆயின் நிறுத்தித் தொடங்கியதும் மறையும்.

மற்றொரு காரணம் மேக் முகவரி. பழைய இடைமுகத்தை நீக்கிப் புதியதை இணைக்கும் குறுநிரலில் அம்முகவரி குறிப்பிடப்படாவிடின், லிப்வெர்ட் தானே புதிய முகவரியை உருவாக்கும். அம்முகவரியைக் கொண்டு நிலையான ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி வழங்கி, அதனை வேறொரு கணினியாகக் கருதும். பிசிஐ இடமும் மாறினால், உள்ளியங்குதளத்தில் இடைமுகத்தின் பெயரே மாறக்கூடும்.

ஆகவே ஆய்வு வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்ல வேண்டும். முதலில் ‘டம்ப்எக்ஸ்எம்எல்’ கட்டளையால் நடப்பு நிலையையும், அதனுடன் ‘இன்ஆக்டிவ்’ தெரிவைச் சேர்த்துச் சேமித்த வரையறையையும் பெற்று ஒப்பிடுதல். அடுத்து மேக் முகவரியைச் சரிபார்த்தல். இறுதியாக உள்ளியங்குதளத்தின் ஐபி முகவரியை நோக்குதல். இச்சோதனைகளைக் குறுநிரலின் இறுதிப் பகுதியாகவே அமைப்பின், பயனர் முறையிடுமுன் குறை வெளிப்படும்.