நத்தைகுத்தியும் மஞ்சள்மூக்கு நாரையும்

செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியில், மார்கழி, தை மாதங்களில், நீரிடை நிற்கும் மரங்களின்மேல் மஞ்சள்மூக்கு நாரையும் நத்தைகுத்தி நாரையும் கூடு கட்டியிருக்கக் காணலாம். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

முன்னது உருவிற் பெரியது. மஞ்சள் அலகும், இறகற்ற செம்முகமும், வாலை மூடிய இளஞ்சிவப்பு இறகுகளும் கொண்ட அதனை ஒருமுறை கண்டவர் மறவார். பின்னது சிறியது, வெண்சாம்பல் உடலும் கருஞ்சிறகும் உடையது, அழகிற் பின்தங்கியதே. ஆயினும் அதன் அலகை நோக்குங்கள். மூடியிருக்கும்போதும் நடுவே ஓர் இடைவெளி தெரியும்.

இவ்விடைவெளி எதற்கு? பாக்குவெட்டியிடைப் பட்ட பாக்கைப்போல் நத்தையை அங்கே வைத்து நொறுக்குகிறது என்று பழைய நூல்கள் சில கூறின. நானும் பல ஆண்டுகள் வகுப்பில் அவ்வாறே கற்பித்தேன். ஒருநாள் வயலோரத்தில், நாரை தின்றுவிட்டுப் போன ஓடுகளைப் பொறுக்கி வந்த மாணவன் ஒருவன், "ஐயா, இவை உடையவே இல்லையே!" என்றான். எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

பின்னர் அறிஞர்தம் ஆராய்ச்சிகளைப் படித்துத் தெளிந்தேன். நாரை மேலலகால் நத்தையைத் தரையோடு அழுத்திக்கொள்கிறது. கத்திபோன்ற கீழலகின் நுனியை ஓட்டின் வாயிற் செலுத்தித் தசையை அறுத்து, உடலை வெளியே இழுத்து விடுகிறது. பெரும்பாலும் நீருக்குள்ளேயே இவ்வளவும் நடந்துவிடுவதால் கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இளம்பறவைகளின் அலகில் இடைவெளியே கிடையாது. வளர வளரத்தான் தோன்றுகிறது. எனினும் அவையும் நத்தை தின்கின்றன! வழுக்கும் ஓட்டை நுனியால் இறுகப் பற்ற அவ்விடைவெளி உதவுகிறது என்று கருதுவாரும் உளர்.

மஞ்சள்மூக்கு நாரையின் முறை வேறு. ஒரு சாண் ஆழ நீரில் நின்று, பாதி திறந்த அலகை அமிழ்த்தி, இருபுறமும் வீசிக்கொண்டே நடக்கும். காலால் சேற்றைக் கலக்குவதும் உண்டு. மீன் அலகிற் பட்டதுமே கவ்விக்கொள்ளும். ஆதலால் கலங்கிய நீரிலும் அதற்கு இரை கிடைக்கும். ஆழம் மிகுந்தாலோ, ஏரி வற்றிப்போனாலோ அது வேறிடம் தேட வேண்டியதுதான். நத்தைகுத்திக்கு ஈரமான நெல்வயலும் போதும்.

இனி, வயலில் நத்தை ஓடு கண்டால் எடுத்துப் பாருங்கள். ஓடு முழுதாக இருந்து, அதன் மூடி மட்டும் அருகே தனியாகக் கிடந்தால், நத்தைகுத்தி அங்கே வந்து சென்றிருக்கக்கூடும்.