தொண்டை வலிக்குப் பத்து நாள் மருந்து

தாய்மார்களே! பிள்ளைக்குத் தொண்டை வலி என்று தூக்கி வந்தால் நான் முதலில் கேட்பது, "இருமல், மூக்கொழுகல் இருக்கா?" என்றுதான். இருந்தால் பெரும்பாலும் வைரஸ் கிருமி, தானே போய்விடும். அதற்கு ஆன்டிபயாடிக் கேட்டுச் சண்டை போடாதீர்கள்.

இருமல் இல்லாமல் திடீர்க் காய்ச்சல், விழுங்கினால் வலி, கழுத்தில் நெறி, டான்சில் சதையில் வெள்ளைத் திட்டு என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியாக இருக்கலாம். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் இது அதிகம். இதற்குப் பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின், வழக்கமாக 10 நாள்.

இங்கேதான் வம்பு. இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிடும். "பிள்ளை விளையாடுது, இனி மருந்து எதுக்கு டிரஸ்ஸரையா?" என்று மிச்சத்தை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அடுத்த பிள்ளைக்கு அதையே ஊற்றுகிறவர்களும் உண்டு! கரைத்த மருந்து ஓரிரு வாரத்தில் கெட்டுவிடும்.

கிருமி ஒழியாவிட்டால், இரண்டு மூன்று வாரம் கழித்து முட்டியும் கணுக்காலும் மாறி மாறி வீங்கும் வாதக் காய்ச்சல் சில பிள்ளைகளுக்கு வரலாம். மூட்டு வீக்கம் வடிந்துவிடும். இருதய வால்வு கெட்டால் ஆயுசுக்கும் அவதி.

பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் காலை மருந்து விட்டுப்போகும். வீட்டிலிருக்கும் பாட்டியிடம் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். மருந்து குடித்ததும் உடம்பில் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு உடனே ஓடி வாருங்கள்.