மேடைக்குப் பின்னால் ஒரு பாடம்



பேராதனையிலே, 1960களில், பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை மேடையேற்றியதை ஈழத்து நாடக வரலாறு நன்றியோடு குறிப்பிடுகின்றது. கிராமத்துக் களரியில் விடிய விடிய ஆடப்பட்ட கலை, சுருங்கிய நேரத்துள் அடங்கி, நகரத்து மேடைக்கு வந்தது. ஆடியவர் திறனைப் பலரும் பாராட்டியிருக்கின்றனர். ஆயினும், எந்த நாடகமும் ஆட்டத்தாலும் பாட்டாலும் மாத்திரம் மேடையேறிவிடுவதில்லை. மண்டபம் வேண்டும்; உடை வேண்டும்; விளக்கு வேண்டும்; பணம் வேண்டும். இவை யாவும் குறித்த நாளிலே ஒன்றுகூடவும் வேண்டும். அவ்வாறு ஒன்றுகூட்டும் அறிவையே இன்று செயற்றிட்ட முகாமை என்று அழைக்கிறோம். அதனை ஒரு பல்கலைக்கழக மாணவர் கைப்பழக்கமாகக் கற்பது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தார் இன்றிலிருந்து எட்டாவது கிழமை முடிவில் ஒரு நாடகம் போடத் தீர்மானிக்கின்றனர். வழக்கமாக என்ன நடக்கும்? கூட்டம் கூடும், யாவரும் உற்சாகமாகப் பேசுவர், “எல்லாம் செய்துவிடலாம்” என்று கலைவர். யார், எதை, எப்பொழுது செய்வது என்பது மட்டும் காற்றோடு போய்விடும்.

முறை அறிந்தவர் முடிவிலிருந்து தொடங்குவர். நாடக நாளுக்கு முந்திய ஒரு கிழமை உடையணிந்த முழு ஒத்திகைக்கு வேண்டும். அதற்கு முன் ஒத்திகைக்கு ஐந்து கிழமை. அதற்கு முன் நடிகரைத் தெரிய ஒன்று. அதற்கும் முன் பிரதியைத் தெரிய ஒன்று. கூட்டிப் பாருங்கள்: சரியாக எட்டுக் கிழமை. இவ்வழியிலே ஒரு நாளைத் தவறவிட்டாலும் நாடகம் ஒரு நாள் பிந்தும். மற்றொரு வழி, மண்டப அனுமதிக்கு இரண்டு கிழமை, நுழைவுச்சீட்டு அச்சிட ஒன்று, விற்க மூன்று, ஆக ஆறு. இங்கே இரண்டு கிழமை தளர்வு உண்டு. உடை தைப்பதோ, நடிகர் தெரிவான பின்பே தொடங்கக்கூடியது. அதற்கு மூன்று கிழமை சென்றாலும் ஐந்தாம் கிழமை முடிவில் ஆயத்தமாகிவிடும். முழு ஒத்திகைக்கு முன் அங்கும் இரண்டு கிழமை மிச்சம்.

தளர்வு சிறிதும் இல்லாத அந்த நீண்ட வழியே முடிவு நாளைத் தீர்மானிப்பது. 1950களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் டூபாண்ட் இரசாயனக் கம்பனியைச் சேர்ந்த மோர்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் கம்பனியைச் சேர்ந்த ஜேம்ஸ் கெலியும் இக்கணக்கை ஒரு முறையாக வகுத்தனர். பெருந் தொழிற்சாலைகளுக்கென வகுக்கப்பட்ட அம்முறையை நாடகக் குழுவொன்று ஒரு தாளிலும் பென்சிலிலும் செய்துகொள்ளலாம். கணினியில் அதனைச் செய்துதரும் மென்பொருள்கள் இன்று பல உள்ளன. ஆனால், எது எதன் பின் வரவேண்டும் என்பதைக் கருவி அறியாது, செய்பவரே சொல்லவேண்டும்.

தாள் ஆயத்தமாயிற்று. இனித்தான் உண்மையான பாடம் தொடங்குகின்றது. மண்டப அனுமதிக் கடிதத்தை ஒரு மாணவர் பொறுப்பேற்றார் என்க. பரீட்சை நெருங்கியது, கடிதம் மேசையிலே கிடந்தது. கேட்டவர்க்கெல்லாம் “நடந்துகொண்டிருக்கிறது” என்று விடை கூறினார். அவர் தீயவர் அல்லர், வெட்கப்பட்டார், அவ்வளவே. மூன்று கிழமை அவ்வாறு கழிந்தபின், ஆறு கிழமை வழி ஒன்பதாகிவிட்டது. தளர்வுள்ள வேலையாக இருந்தது இப்பொழுது எல்லாவற்றிலும் நெருக்கடியான வேலையாயிற்று. முதற் கிழமையிலேயே “என்னால் இயலவில்லை” என்று அவர் சொல்லியிருந்தால், வேறொருவர் அக்கடிதத்தை ஒரே பிற்பகலில் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார். பிந்துவது குற்றமன்று; பிந்துவதை மறைப்பதே கேடு. இதனைப் புத்தகத்திலே படிப்பது எளிது; நண்பர் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கே பழக்கம் வேண்டும்.

பிந்திய வேலையை மீட்பது எப்படி? ஆட்களைக் கூட்டினால் சில வேலைகள் விரையும். நுழைவுச்சீட்டை ஐவர் விற்பதினும் பதினைவர் விற்றால் விரைவில் முடியும். ஆனால், நடிகர் தொகையை இரட்டித்து ஒத்திகைக் காலத்தைப் பாதியாக்க இயலுமோ? இயலாது. அங்கே ஒரு காட்சியைக் குறைக்கவேண்டும். அல்லது நாளைத் தள்ளவேண்டும். எதை விடுவது என்று கூடியிருந்து தீர்மானித்தலும் இவ்வறிவின் ஒரு பகுதியே.

நம் மதிப்பீடுகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்பதையும் எண்ணவேண்டும். 1994இல் ரோஜர் பியூலரும் அவர் தோழர்களும் கனடாவில் நடத்திய ஆய்வொன்றை வெளியிட்டனர். இறுதியாண்டு மாணவர்களிடம், “உங்கள் ஆய்வுக் கட்டுரையை எத்தனை நாளில் முடிப்பீர்கள்?” என்று கேட்டனர். மாணவர் சொன்னது சராசரி ஏறத்தாழ 34 நாள். உண்மையிற் சென்றதோ ஏறத்தாழ 55 நாள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். எல்லாம் நன்றாகவே நடக்கும் என்று எண்ணியவர்கள். ஆகவே, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே நினைத்த நாளையும் சென்ற நாளையும் குறித்து வையுங்கள். நாடகம் முடிந்த மறு கிழமை குழுவினர் கூடி அக்குறிப்பைப் படியுங்கள். அடுத்த ஆண்டுச் சங்கத்தாருக்கு அதனைக் கையளியுங்கள். கைதட்டல் அன்றிரவோடு ஓய்ந்துவிடும், அக்குறிப்பேடு நிலைத்திருக்கும்.

நேயர்களே, இன்று நுழைவுச்சீட்டுக் கணக்குப் பார்க்கும் மாணவியே நாளை ஒரு வைத்தியசாலைக் கட்டடத்துக்கோ, ஒரு குடிநீர்த் திட்டத்துக்கோ பொறுப்பாக அமரக்கூடும். அங்கே ஒரு கடிதம் மேசையிலே கிடந்தால், காத்திருப்பவர் நாடகம் பார்க்க வந்தோர் அல்லர். நோயாளரும் குடத்தோடு நிற்கும் தாய்மாருமே ஆவர். ஆகையால், உங்கள் பிள்ளை, “சங்க வேலை இருக்கிறது” என்று சொல்லும்போது, படிப்பைக் கெடுக்கும் வீண் வேலை என்று உடனே கடிந்துகொள்ளாதீர்கள். “உன் பங்கு எது? அது எந்நாளில் முடியவேண்டும்?” என்று இரண்டு கேள்வி கேளுங்கள். தெளிவான விடை வருமாயின், பிள்ளை வேறொரு பாடமும் படித்துக்கொண்டிருக்கின்றது என்று மகிழலாம்.