கால்சியம் வேடத்தில் காரீயம்

அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மேன் 1970களில் குழந்தைகளின் பால் பற்களைச் சேகரித்தார். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் செல்சி, சாமர்வில் ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விழுந்த பற்கள் அவை. ஒவ்வொரு பல்லிலும் எவ்வளவு காரீயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தார். அந்தப் பிள்ளைகள் யாரும் நோயாளிகள் அல்லர், ஓடியாடித் திரிந்தவர்கள். ஆனால் பல்லில் காரீயம் கூடக் கூட அறிவுத்திறன் சோதனையில் மதிப்பெண் குறைந்தது, வகுப்பில் கவனமும் சிதறியது. 1979இல் இந்த முடிவுகள் வெளியான பிறகு, காரீயத் தொழிலின் பக்கம் நின்ற நிபுணர்கள் அவர்மேல் ஆய்வு மோசடிக் குற்றம் சுமத்தினார்கள். விசாரணைகள் அவரைக் குற்றமற்றவர் என்றே முடித்தன. குழந்தைகள் நலனுக்காக அவருக்கு இணையாக நாம் கடன்பட்டிருக்கும் மனிதர்கள் மிகச் சிலரே.

அவர் ஏன் பல்லைத் தேர்ந்தெடுத்தார் என்பதிலேயே இந்த நஞ்சின் தந்திரம் அடங்கியிருக்கிறது. நம் உடலுக்குக் காரீயத்தால் எள்ளளவும் பயன் இல்லை. ஆனாலும் கால்சியத்தைப் போலவே அதன் அயனிக்கும் இரட்டை நேர்மின்னேற்றம் உண்டு. பருமனும் பெரிதாக வேறுபடாது. அதனால் உயிரணுக்கள் ஏமாந்துபோகின்றன. வாக்குச்சாவடியில் அடுத்தவர் பெயரில் ஓட்டுப் போடுகிறவரைப் போல, கால்சியம் நுழையும் வாசல்களில் காரீயம் நுழைகிறது, பல்லிலும் கால்சியத்தின் இடத்தில் தங்கிவிடுகிறது. (நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அது வேறு உலோகம்.)

குடலில் இரும்புச்சத்தை உள்ளிழுக்கும் புரதமும் காரீயத்தை ஏற்றுக்கொள்கிறது. இரும்பு குறைந்த குழந்தையின் குடல் அந்தப் புரதத்தைக் கூடுதலாக உற்பத்தி செய்யும். ஆகவே இரத்தசோகை உள்ள, அரைவயிறு உண்ணும் பிள்ளைதான் காரீயத்தையும் அதிகம் வாங்கிக்கொள்கிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகள் நான்கைந்து மடங்கு அதிகம் உறிஞ்சுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இரத்தத்தில் காரீயம் முதலில் கைவைப்பது ஹீமோகுளோபின் தயாரிப்பில். அந்த வேலையைச் செய்யும் நொதிகளில் ஒன்றுக்குத் துத்தநாகம் தேவை. காரீயம் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அமர்ந்ததும் நொதி செயலிழக்கிறது. காரீயம் மிகுந்துபோனால் சிவப்பணுக்களில் நீலப் புள்ளிகள் தெரியும். சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதகர்களுக்கு இது பழகிய அடையாளம். சிறுநீரகத்தையும் அது கெடுக்கும், இரத்த அழுத்தத்தையும் ஏற்றும்.

ஈடு செய்ய முடியாத சேதம் மூளையில்தான். ஒரு நரம்பணு அடுத்ததற்குச் செய்தி அனுப்ப, கால்சியம் உள்ளே பாய்ந்து வேதித்தூதுவர்களை வெளியேற்ற வேண்டும். காரீயம் குறுக்கிட்டால், செய்தி வரும்போது தூதுவர்கள் குறைவாகவே வெளிவருகிறார்கள். செய்தியே இல்லாத வேளையில் தானாகக் கசிகிறார்கள். நினைவு உருவாவதற்கு அவசியமான ஏற்பிகளையும் அது அடைக்கிறது. கால்சியத்துக்குக் கட்டுப்பட்ட சில புரதங்களை, கால்சியத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைந்த அளவிலேயே முடுக்கிவிடுகிறது. பிறந்த முதல் சில ஆண்டுகளில் மூளை, புழங்கும் இணைப்புகளை வைத்துக்கொண்டு புழங்காதவற்றை நீக்குகிறது. எதை வைப்பது, எதை நீக்குவது என்ற தேர்வு பிழையான செய்திகளின்மேல் நடந்துவிட்டால், பிறகு அதைத் திருத்த வழியில்லை. காரீயத்தைக் கட்டி வெளியேற்றும் மருந்துகள் உண்டு. அவை உயிரைக் காப்பாற்றும், ஆனால் இழந்த அறிவுத்திறனை மீட்டுத் தந்ததில்லை.

இரத்தத்தில் நுழைந்த காரீயத்தில் பாதி ஒரு மாதம் போல ஆனால் வெளியேறிவிடும். எலும்பில் குடியேறியதோ பல பத்தாண்டுகள் தங்கும். பெரியவர்களின் உடலில் உள்ள காரீயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. கருவுற்ற தாயின் எலும்பிலிருந்து குழந்தைக்காகக் கால்சியம் கரையும்போது, அவள் சிறுமியாக இருந்தபோது சேர்ந்த காரீயமும் கரைந்து, நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை எட்டுகிறது.

எவ்வளவு வரை பரவாயில்லை? அமெரிக்காவில் 1960களில் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 60 மைக்ரோகிராமைத் தாண்டினால்தான் கவலைப்பட்டார்கள். படிப்படியாக இறங்கி, 2021இல் கவனிக்க வேண்டிய அளவே 3.5 ஆனது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இந்தியாவில் மட்டும் சுமார் 27 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கும் என்று யுனிசெஃப் 2020இல் மதிப்பிட்டது. இந்த எண்ணுக்கு நம் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் இடம் கிடைத்திருக்க வேண்டும்.

மூலத்தை அடைத்தால் பலன் நிச்சயம். பெட்ரோலில் காரீயம் கலப்பதை இந்தியா 2000இல் நிறுத்தியது. கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. வங்கதேசத்தில் மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்றக் காரீயக் குரோமேட் பூசிவந்தார்கள். கருவுற்ற பெண்களின் இரத்தத்தில் இருந்த காரீயம் அந்த மஞ்சளிலிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். அரசு சந்தைகளில் சோதனை நடத்தித் தண்டித்தது, மக்களுக்கும் எச்சரிக்கை போனது. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதமாக இருந்த கலப்படம் 2021இல் பூஜ்யமானது. இரண்டே ஆண்டுகளில்!

நம் கையில் இருப்பதையும் செய்வோம். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் மஞ்சள் விற்றால், தூளானாலும் கிழங்கானாலும் வாங்காதீர்கள். ஈயச்சொம்பு வாங்கும்போது அதில் காரீயம் கலக்கவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். புளியின் அமிலம் காரீயத்தைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். பேட்டரி உடைத்து உருக்கும் பட்டறையில் வேலை செய்பவர், குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்கட்டும். குடியிருப்புக்கு நடுவே அப்படியொரு பட்டறை இயங்கினால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இன்றே எழுதுங்கள்.