தோவாளையும் தக்கலையும் ஒன்றாகிவிடுவது ஏன்?

ஜாவா நிரல் ஒரு வெப் சர்வீஸை அழைத்தால், அழைப்பது யார் என்று சர்வருக்குத் தெரிய வேண்டும். பேசிக் ஆதென்டிகேஷனில் பயனர்பெயர், முக்காற்புள்ளி, கடவுச்சொல் மூன்றையும் ஒட்டி, பைட்டுகளாக்கி, பேஸ்64 வடிவில் ‘ஆதரைசேஷன்’ ஹெடரில் அனுப்புகிறோம். பேஸ்64 வசதி 2014-இல் வந்த ஜாவா 8-இலேயே உள்ளிணைந்தது.

பைட்டுகளாக்கும் இடத்தில்தான் தமிழ் அடிபடுகிறது. குமரி மாவட்டத்து ஊர்ப்பெயர் ஒன்றைக் கடவுச்சொல்லாக வைப்போம்: ‘தோவாளை’. யூனிகோடில் இது த, ோ, வ, ா, ள, ை என 6 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் குறியீட்டுக்கு 3 வீதம் 18 பைட்டுகள். எந்த முறை என்று நிரலில் சொல்லாமல் விட்டால், ஜாவா 18-க்கு முந்தைய பதிப்புகள் கணினியின் இயல்பு முறையை எடுத்துக்கொள்ளும். அது லத்தீன் எழுத்துகளுக்கான முறையாக இருந்தால், தெரியாத ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறி விழும். தோவாளை 6 கேள்விக்குறி. அதே மாவட்டத்து ஊரான ‘தக்கலை’யும் 6 கேள்விக்குறி! பிழைச்செய்திகூட வராது என்பதுதான் இதில் ஆபத்து. ஆகவே யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள். 2015-இல் வந்த ஆர்எஃப்சி 7617, இதையே தான் எதிர்பார்ப்பதாகச் சர்வர் அறிவிக்கவும் வழி செய்தது.

பேஸ்64 பூட்டு அல்ல. யார் வேண்டுமானாலும் அவிழ்த்துப் படிக்கலாம். மறைப்பது எச்டிடிபிஎஸ் மட்டுமே. அது இல்லாமல் அனுப்பவே கூடாது.

ஜாவா 11-இன் எச்டிடிபி கிளையன்டில் ‘ஆதென்டிகேட்டர்’ வைத்தால், சர்வர் 401 என்று மறுத்த பிறகே கடவுச்சொல் போகும். முதல் அழைப்பிலேயே போக வேண்டுமானால் ஹெடரை நாமே எழுத வேண்டும்.